மாடி வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கு முன்

அப்பா 2020-இல் காலமான பிறகு, காட்பாடி காந்தி நகரில் அவர் கட்டிய வீட்டின் மாடிப் பகுதி என் பொறுப்புக்கு வந்தது. அதற்கு முன் பல வருடங்களாக மாடியில் ஒரே குடும்பம்தான் குடியிருந்தது. ஒப்பந்தம் கிடையாது, ரசீது கிடையாது. ஐந்தாம் தேதி ஆனால் அந்த அண்ணன் கீழே வந்து அப்பா கையில் பணத்தைக் கொடுப்பார், அம்மா காபி போட்டுத் தருவார். அவர்கள் சொந்த வீடு கட்டிக்கொண்டு போனதும், வீட்டை வாடகைக்கு விடுவது என்றால் இவ்வளவுதான் என்று நினைத்து நானும் கேட்டில் ஒரு டு-லெட் அட்டையைக் கட்டினேன்.

எங்கள் பகுதியில் வீடு ரொம்ப நாள் காலியாக நிற்காது. ஒரு பக்கம் விஐடி பல்கலைக்கழகம், பக்கத்திலேயே ரயில் நிலையம், பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் சிஎம்சி மருத்துவமனை. அன்று சாயங்காலமே மூன்று மாணவர்கள் வந்து பார்த்தார்கள். மரியாதையான பிள்ளைகள். 30,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தேன்.

இரண்டு மாதத்தில் மூன்று பேர் ஆறு பேரானார்கள். எத்தனை பேர் தங்கலாம் என்று நான் சொல்லவே இல்லை, அதனால் எதை வைத்துக் கேட்பது? சித்திரை வெயிலில் போர் தண்ணீர் கீழே போனபோது, காலை எட்டு மணிக்கே டேங்க் காலி. மாடிக்கும் கீழுக்கும் அப்போது ஒரே மின் இணைப்பு வேறு. இரண்டு வீட்டு யூனிட்டும் ஒன்றாகச் சேர்ந்து 500-ஐத் தாண்டியதும் பில் எகிறியது. யார் எவ்வளவு கொடுப்பது என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பேச்சுவார்த்தை.

அவர்கள் காலி செய்த நாள் இன்னும் என் மனதை உறுத்துகிறது. சுவரில் ஆணி, உடைந்த குழாய், ஓடாத ஃபேன் என்று கணக்குப் போட்டு 9,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பையன்களில் ஒருவன், "ஃபேன் நாங்க வந்த அன்னைக்கே சத்தம் போட்டுச்சு அக்கா, உங்ககிட்ட சொன்னேனே" என்றான். சொன்னது உண்மைதான். எங்கும் எழுதி வைக்காததால் எனக்கே மறந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து ஃபேனுக்குப் பிடித்த பணத்தை அனுப்பினேன். ஆனாலும் அந்தப் பிள்ளைகள் என்னை எப்படி நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்பது மாறாது.

அடுத்து ஒரு கணவன் மனைவி. அவர் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒப்பந்த வேலையில் இருந்தார். இந்த முறையும் வாய்ப்பேச்சுதான். ஆறு மாதம் ஒழுங்காக வந்த வாடகை அப்புறம் நின்றது. மூன்று மாத பாக்கி ஆனதும் மாமா சொன்னார்: "மாடிக்குப் போற தண்ணி வால்வை மூடிடும்மா, ரெண்டே நாள்ல தானா கிளம்பிடுவாங்க."

நல்லவேளையாக அதைச் செய்வதற்கு முன் சத்துவாச்சாரியில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். முதலில் அவர் சொன்னது, தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவே கூடாது என்பதுதான். அப்படிச் செய்தால் வழக்கு என் மேலேயே திரும்பும். 1960-ஆம் வருட வாடகைச் சட்டம் போய், 2017-ஆம் வருடச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டு மாத வாடகை பாக்கி இருந்து, நோட்டீஸ் கொடுத்தும் ஒரு மாதத்துக்குள் கட்டவில்லை என்றால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். "ஆனா உங்ககிட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லையேம்மா. வாடகை எவ்வளவு, எப்போ வந்தாங்கன்றதையே நீங்க முதல்ல நிரூபிக்கணும்" என்றார்.

வழக்கு வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் உட்கார்ந்து பேசினேன். கணவருக்கு வேலை நின்றுபோய் நான்கு மாதம் ஆகியிருந்தது. அட்வான்ஸில் கழித்துக்கொள்வேன் என்று அவர்களாகவே நினைத்திருக்கிறார்கள். "ஆடி மட்டும் கழியட்டும் அக்கா" என்று கேட்டாள். ஆவணி முதல் வாரம் போனார்கள். அட்வான்ஸ் போக ஒரு மாத வாடகை எனக்கு நஷ்டம். அதை நான் திரும்பக் கேட்கவில்லை.

இதற்கப்புறம் ஒரு புரோக்கர், சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடச் சொன்னார். பணம் அதிகம் வரும்தான். வங்கதேசத்திலிருந்து வருகிறவர்களும் உண்டு. வெளிநாட்டவரைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்து தெரிவிக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு குடும்பம் வந்து போகிற வீட்டில் என்னால் அதைத் தவறாமல் செய்ய முடியாது என்று விட்டுவிட்டேன்.

2023-இல் சிஎம்சியில் நர்ஸாக வேலை பார்க்கும் ஒரு பெண் கணவருடன் வந்தார். முதலில் லீஸுக்குக் கேட்டார்கள், அதாவது மொத்தமாகச் சில லட்சம் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பது. காலி செய்யும்போது அந்தத் தொகையை ஒரே நாளில் திருப்பித் தர என்னால் முடியாது என்பதால், மாத வாடகைதான் என்றேன். சாவி கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் எழுத்தில் வைக்கலாம் என்றதும் அவர்களுக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் சிக்கல் என் பக்கமே இருந்தது. வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, பத்திரம் எல்லாமே அப்பா பெயரில். அம்மா, ஓசூரில் இருக்கும் தம்பி, நான் மூவரும் வாரிசு என்பதால் நான் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது என்றார் வக்கீல். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தது, கிராம நிர்வாக அலுவலர் விசாரணை, தாலுகா அலுவலகம், பிறகு மாநகராட்சியில் வரிப் பெயர் மாற்றம் என்று நாட்கள் ஓடின. மாடிக்குத் தனி மீட்டரும் அப்போதுதான் வாங்கினேன். அப்பா காலமான வருடமே இதை முடித்திருக்க வேண்டும். அப்பாவோ அம்மாவோ விட்டுப்போன வீட்டை வாடகைக்கு விட நினைப்பவர்கள் முதலில் இந்த வேலையைப் பாருங்கள்.

ஒப்பந்தம் நான்கு பக்கம் வந்தது. வாடகை, தேதி, எத்தனை பேர், உள்வாடகை கூடாது, காலி செய்ய இரண்டு மாத முன்னறிவிப்பு, பராமரிப்பு யாருடையது, எல்லாம் அதில் உண்டு. மொட்டை மாடி ஒழுகல், சுவர் விரிசல், வெள்ளையடிப்பு என் செலவு. குழாய் வாஷர், சுவிட்ச், அடைத்த சாக்கடை அவர்களுடையது. யார் எதைப் பார்க்க வேண்டும் என்ற இந்தப் பிரிவினை 2017 சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் இருக்கிறது, அதையே வைத்துக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் அறை அறையாகப் போய் எல்லா சுவிட்சையும் போட்டுப் பார்த்தோம். கதவில் இருந்த கீறல்வரை போட்டோ எடுத்து, பட்டியலிட்டு, மீட்டர் ரீடிங்கையும் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். ஒரு மணி நேரம்தான் ஆனது. அந்த மாணவர்கள் வந்த அன்று இதைச் செய்திருந்தால் ஃபேன் பேச்சே வந்திருக்காது.

பதினோரு மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு தேவையில்லை என்று எங்கள் தெருவில் எல்லாரும் சொன்னார்கள். அது சார்பதிவாளர் அலுவலகப் பதிவைப் பற்றிய பேச்சு. 2017 சட்டப்படி வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு, அது பதினோரு மாதத்துக்கும் உண்டு. துணை ஆட்சியர் தகுதிக்குக் குறையாதவர்தான் அந்த அதிகாரி. அரசு இணையதளத்தில் இரு தரப்பு விவரமும் அடையாள எண்களும் கொடுத்து, ஒப்பந்தத்தை ஸ்கேன் செய்து ஏற்றினோம். பதிவு எண் வந்ததும் அதன் நகலை அவர்களுக்கும் கொடுத்தேன்.

ஒரு விஷயம் அம்மாவுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. வடகம் காயவைக்க மாடி வீட்டுக்குள் நுழைந்துதான் மொட்டை மாடிக்குப் போக வேண்டும், அம்மா கேட்காமலே போவார். வீட்டுக்காரர் உள்ளே வர 24 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும் என்று நான் சொன்னதும், "என் வீட்டுக்கு நான் கேட்டுட்டுப் போகணுமா?" என்றார். இப்போது முந்தின நாளே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்கிறார். அவளும் டியூட்டி இல்லாத நாளாகப் பார்த்து வரச் சொல்கிறாள். போன பங்குனியில் இரண்டு பேரும் சேர்ந்தே பிழிந்து காயவைத்தார்கள்.