ஸ்பெயின் தொலைவேலை விசா: எங்கே சறுக்கும்?

ஸ்பெயினில் இருந்துகொண்டே வெளிநாட்டு நிறுவனத்துக்கு இணையவழி வேலை பார்க்க உதவும் விசா இது. அங்கே 2022-ல் வந்த 28-ஆம் எண் சட்டம்தான் இதற்கு அடிப்படை. பலரும் முதலில் கோட்டை விடுவது வருமானக் கணக்கில். ஸ்பெயினின் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல இரண்டு மடங்கு காட்ட வேண்டும். 2025-ல் அந்தக் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,184 யூரோ. நேரே இரட்டித்து 2,368 என்று எழுதினால் தப்பு. அங்கே ஆண்டுக்கு 14 சம்பளம். 12 மாதத்துக்குப் பிரித்தால் 1,381, இரண்டு மடங்கு ஏறக்குறைய 2,763. மனைவியோ கணவரோ சேர்ந்தால் குறைந்தபட்ச ஊதியத்தில் இன்னொரு 75 சதவீதம், அடுத்த ஒவ்வொருவருக்கும் 25.

நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனம் ஓராண்டாவது இயங்கியிருக்க வேண்டும். அதில் நீங்கள் குறைந்தது 3 மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். பட்டம் இல்லையென்றால் 3 ஆண்டு அனுபவம் போதும்.

காகித வேலையில் வரிசைதான் முக்கியம். போலீஸ் சான்றிதழுக்கு முதலில் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாடுகளுக்குச் சான்று சொல்லும் முத்திரை), அப்புறம்தான் அங்கீகரிக்கப்பட்ட ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர். அப்போஸ்டில் முத்திரையையும் அவர் மொழிபெயர்த்தாக வேண்டும்; மாற்றிச் செய்தால் இரண்டாம் முறை காசு கொடுக்க வேண்டியதுதான். பட்டச் சான்றிதழ் என்றால் அதற்கும் முன்னால் மாநில அரசின் சான்றொப்பம்.

பயணக் காப்பீட்டை நம்பாதீர்கள், மருத்துவக் காப்பீடுதான் வேண்டும்.

தூதரகம் வழியே போனால் அதிகபட்சம் 1 ஆண்டு. ஷெங்கன் விசாவில் (ஐரோப்பிய நாடுகளுக்கான குறுகிய காலப் பயண விசா) போய், அது செல்லுபடியாகும் நாளுக்குள் அங்கிருந்தே விண்ணப்பித்தால் 3 ஆண்டு வரை கிடைக்கும்.