எக்ஸ்ரே நார்மல், கழுத்து மட்டும் திரும்பவில்லை

விபத்தில் கழுத்தில் அடிபட்டு, "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, தேய்மானம்தான்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர் யாராவது இருந்தால் இதைப் படியுங்கள். அந்தத் தேய்மானம் என்ற ஒரு சொல்லால் நான் பட்ட அலைச்சலுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். இந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி வரும் பஸ்ஸுக்கு வழிவிட, ஒரு வளைவுக்கு முன்னால் என் வீட்டுக்காரர் காரை நிறுத்தினார். பின்னால் வந்த வேன் நிற்கவில்லை. நான் இடது பக்கம் திரும்பிப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிக்கி நசுங்கியது, யாருக்கும் ரத்தக்காயம் இல்லை. அன்று இரவு படுக்கும்வரை எனக்கு வலியே தெரியவில்லை. மறுநாள் காலை தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் பின்னந்தலையைப் பிடித்துத் தூக்கித்தான் எழுந்து உட்கார்ந்தேன்.

கழுத்து வெடுக்கென்று முன்னும் பின்னும் வீசப்பட்டு ஏற்படும் இந்தக் காயத்துக்கு விப்லாஷ் என்று பெயர். பெரும்பாலும் இப்படித்தான் வரும். பின்னாலிருந்து இடிக்கும்போது சீட் உடம்பை முன்னே தள்ளுகிறது. கிட்டத்தட்ட 5 கிலோ இருக்கும் தலை பின்தங்கி, உடனே முன்னால் வீசப்படுகிறது. நடுவில் மாட்டிக்கொள்ளும் தசையும் தசைநாரும் சிறு மூட்டுகளும் இழுபடுகின்றன. வீக்கமும் இறுக்கமும் ஏறுவதற்குச் சில மணி நேரம் ஆகும், ஒரு நாள்கூட ஆகலாம். இடிக்கிற நேரத்தில் தலை ஒரு பக்கம் திரும்பியிருந்தால் பாதிப்பு இன்னும் கூடுதல். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், இழுபட்ட தசை தெரியாது.

நாங்கள் முதலில் போனது ஒரு தனியார் கிளினிக். "நேத்து வண்டி இடிச்சதுல இருந்துதான் டாக்டர்" என்று இரண்டு தரம் சொன்னேன். அவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "தேய்மானம் ஆரம்பிச்சிருக்கும்மா, உங்க வயசுக்கு வர்றதுதான்" என்றார். நாற்பதைத் தாண்டிய பலருக்கும், வலியே இல்லாதவர்களுக்கும்கூட, படத்தில் கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும். அதை வைத்துக்கொண்டு விபத்தையே மறந்துவிட்டார். கழுத்துக்குக் காலர் மாட்டி, வலி போகும்வரை கழற்றக் கூடாது என்றார்.

அந்தக் காலர்தான் பெரிய தொல்லை. தூங்கும்போதும் அதோடுதான். கழுத்து கட்டையாக இறுகியது, பிடரியிலிருந்து கிளம்பும் தலைவலி நெற்றிவரை வந்தது, காலரைக் கழற்றினால் தலை நிற்கவே பயமாக இருந்தது. எலும்பு முறிவு இல்லாத விப்லாஷுக்குக் காலர் அவசியமே இல்லை, போட்டாலும் ஓரிரு நாளைக்கு மேல் வேண்டாம், தாங்கும் அளவுக்குச் சீக்கிரமே கழுத்தை அசைக்க வேண்டும் என்பதுதான் இப்போதைய வைத்திய முறை. இதை எனக்கு அந்த முதல் நாளே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இதற்கு நடுவில் அத்தை, "சுளுக்கு எடுக்கிறவர்கிட்ட ஒருதரம் காட்டிட்டு வந்துடலாம்மா" என்று அக்கறையாகக் கேட்டார். வேண்டவே வேண்டாம் அத்தை என்று சொல்லிவிட்டேன். அடிபட்ட கழுத்தை வெடுக்கென்று திருப்பினால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழியும் ஆபத்து உண்டு. சலூனில் சொடுக்கு எடுப்பதும் இதே கதைதான்.

கடைசியில் சேலம் ஜி.எச். போனோம். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிட்டால் வரிசை வேகமாக நகரும். அங்கே இருந்த டாக்டர் படத்தைக் கடைசியாகத்தான் பார்த்தார். முதலில் என் விரல்களை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார், கைகளில் மரத்துப்போகிறதா என்று கேட்டார், நடந்து காட்டச் சொன்னார், தலையை இடமும் வலமும் மெதுவாகத் திருப்பச் சொன்னார். அப்புறம் பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

அங்கே இருந்த தங்கச்சி என்னைச் சுவரோடு நிற்கவைத்து, தாடையில் ஒரு விரலை வைத்து, "தலையைக் குனியாம, தாடையை மட்டும் உள்ள இழுங்கக்கா" என்றாள். இழுத்ததும் பிடரியில் ஏதோ பிடி விட்டதுபோல் இருந்தது. அப்புறம் தலையை மெதுவாகத் திருப்புவது, தோள்பட்டை இரண்டையும் பின்னால் சேர்ப்பது, உள்ளங்கையை நெற்றியில் வைத்து அழுத்தி, தலை அசையாமல் எதிர்ப்பது. கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்கப் பல தரம். ஆரம்பத்தில் வலிக்கும், அதற்காக நிறுத்த வேண்டாம், ஆனால் கைக்கு வலி இறங்கினால் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள் என்றாள். வாரங்கள் போகப் போகக் கழுத்து திரும்பியது. பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாதத்துக்குள் தணிந்துவிடும், சிலருக்கு நீளும்.

கை கால் மரத்தாலோ, பிடி தளர்ந்தாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ எந்தப் பயிற்சியும் வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். 65 வயதைத் தாண்டியவர்களும் முதல் நாளே காட்டிவிட வேண்டும்.

இனி காகிதம். போலீசில் மனு ரசீது அன்றைக்கே கிடைத்தது, அதில் சிக்கல் இல்லை. காயத்துக்காக எப்.ஐ.ஆர். கேட்டபோதுதான், "உங்க சீட்டுல விபத்துன்னே எழுதலையே" என்றார்கள். கிளினிக் சீட்டில் இருந்தது "கழுத்துத் தேய்மானம்" மட்டும். திருத்தித் தரச் சொல்லிப் போனால் கவுன்ட்டரில் இருந்தவர் ஏறிட்டும் பார்க்காமல், "டாக்டர் எழுதுனத நான் மாத்த முடியாதுங்க, சாயங்காலம் வாங்க" என்றார். சாயங்காலம் போனால் டாக்டர் லீவு. அடுத்த தரம் நசுங்கிய டிக்கியின் போட்டோவையும் மனு ரசீதையும் டாக்டர் மேசையிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். வாகன விபத்துக்குப் பின் ஏற்பட்ட கழுத்துக் காயம் என்று தேதியோடு எழுதி, சீல் போட்டுக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது பாதி வலி போனமாதிரி இருந்தது.

அதனால் முதல் சீட்டிலேயே விபத்து நடந்த தேதி, இடம், எப்படி இடித்தது என்பது இருக்கிறதா என்று படித்துப் பார்க்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். அரசு மருத்துவமனையானால் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல் கேளுங்கள். எல்லை வேறு என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பினால், 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டப்படி எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதியலாம் என்று சொல்லுங்கள். இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் சொல்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

காரில் ஹெட்ரெஸ்டையும் பாருங்கள். எங்கள் வண்டியில் அது கழுத்து மட்டத்தில் அமுங்கிக் கிடந்தது. அதன் மேல் விளிம்பு உச்சந்தலை உயரத்துக்கு வர வேண்டும், பின்னந்தலைக்கு முடிந்தவரை நெருக்கமாக இருக்க வேண்டும். பக்கத்தில் உட்காருபவரின் சீட்டிலும் அப்படித்தான்.