நான் கொடுத்த ஹார்ட் அட்டாக்

போன ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியிலிருந்து சித்தி போன் செய்தார். அவர் மகள் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள், இங்கே பெங்களூரில் ஒரு டிரெயினிங் சென்டரில் மெடிக்கல் கோடிங் மூன்று மாத கோர்ஸ், 40,000 ரூபாய், வேலைக்கு கியாரண்டி என்கிறார்கள், கட்டிவிடலாமா என்று கேட்டார். ஒன்பது வருடமாக நான் பார்க்கிற வேலைதான். இருந்தும் சட்டென்று பதில் வரவில்லை, ஏனென்றால் நானும் அம்மாவின் வளையலை அடகு வைத்து அப்படி ஒரு இடத்தில் பணம் கட்டினவள். கியாரண்டி என்று அவர்கள் சொன்னது இன்டர்வியூ நடக்கிற இடத்தின் அட்ரஸை வாட்ஸப்பில் அனுப்புவதைத்தான் என்று அப்புறம்தான் புரிந்தது.

வேலை இதுதான். அமெரிக்காவில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் எழுதிய சார்ட் நம் திரைக்கு வரும். என்ன நோய் என்பதற்கு ஐசிடி-10-சிஎம் கோட், என்ன செய்தார்கள் என்பதற்கு சிபிடி கோட். அதை வைத்து பில்லிங்கில் கிளெய்ம் போடுவார்கள், இன்சூரன்ஸ்காரன் பணம் தருவான், இல்லையென்றால் டிநையல் அடிப்பான். டிநையல் ஆனதை போனில் துரத்துகிறவர்கள் ஏஆர் காலர்கள். அங்கே பகல் என்பதால் இவர்களுக்கு ராத்திரி ஷிஃப்ட். ஆங்கிலம் சரளமாக வந்தால் போதும், எந்த டிகிரி என்று பெரிதாகப் பார்ப்பதில்லை. கோடிங்குக்கு லைஃப் சயன்ஸ், பார்மசி, நர்சிங், பிசியோ படித்தவர்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

ஆனால் நான் தடுக்கி விழுந்தது உயிரியலில் இல்லை.

சேர்ந்த மூன்றாவது வாரம். எமர்ஜென்சி சார்ட். 61 வயதுப் பெண், நெஞ்சுவலி என்று வந்திருக்கிறார், டாக்டர் கடைசியில் 'ரூல் அவுட் எம்ஐ' என்று எழுதியிருக்கிறார், அதாவது ஹார்ட் அட்டாக்கா இல்லையா என்று பார்க்க வேண்டும். எனக்கு எம்ஐ மட்டும்தான் கண்ணில் பட்டது. ஹார்ட் அட்டாக் கோட்கள் இருக்கிற ஐ21-இல் தேடிப் போட்டுவிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போய்விட்டேன். ஆடிட் பார்க்கிற அக்கா என் சீட்டுக்கே வந்து, "ஏம்மா, வராத ஹார்ட் அட்டாக்கை அந்தம்மாவுக்கு நீ கொடுத்துட்டியே" என்றார். டாக்டர் சந்தேகப்பட்டது மட்டும்தான். அட்மிட் ஆகாத அவுட்பேஷண்ட்டில் சந்தேகத்துக்குக் கோட் கிடையாது, அறிகுறிக்குத்தான்: நெஞ்சுவலி, ஆர்07.9, அவ்வளவே. இதில் வேடிக்கை என்னவென்றால், அட்மிட் ஆன நோயாளிக்கு டிஸ்சார்ஜ் குறிப்பிலும் அந்தச் சந்தேகம் அப்படியே நின்றால், ஆஸ்பத்திரி பில்லுக்கு அந்த நோய் இருக்கிற மாதிரியே கோட் போட வேண்டும். ஒரே வார்த்தை, எங்கே எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து வேறு கோட்.

சரி, எழுதாததைப் போடக் கூடாது என்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் அடுத்த பள்ளம் காத்திருக்கும். ஒரு வரியில் சர்க்கரை நோய், வேறு வரியில் ரத்த அழுத்தம், இன்னொரு பக்கத்தில் சிகேடி, அதாவது நாள்பட்ட சிறுநீரக நோய், ஸ்டேஜ் 3ஏ. இதனால்தான் அது வந்தது என்று டாக்டர் எங்கும் சொல்லவில்லை. நான் மூன்றையும் தனித்தனியாகப் போட்டேன், தப்பு. தொடர்பு இல்லை என்று டாக்டர் தெளிவாக எழுதாதவரை இவை சேர்ந்தவை என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது விதி: சர்க்கரையோடு சேர்ந்த சிறுநீரக நோய்க்கு ஈ11.22, ரத்த அழுத்தத்தோடு சேர்ந்ததற்கு ஐ12.9, ஸ்டேஜுக்கு என்18.31. அந்த 3ஏ, 3பி பிரிவே 2020 அக்டோபரில் வந்ததுதான். வருடா வருடம் அக்டோபர் 1-ஆம் தேதி ஐசிடி மாறும், ஜனவரி 1 சிபிடி மாறும், நாமும் கூடவே மாற வேண்டும். (வாத்து மோதிக் காயம் பட்டால் அதற்கும் தனி கோட் உண்டு. இத்தனை வருடத்தில் எனக்கு அந்த சார்ட் மட்டும் வரவே இல்லை.)

இந்த விதிகள் எல்லாம் உள்ள ஐசிடி கைட்லைன்ஸ் நூறு பக்கத்துக்கு மேல், அமெரிக்க அரசின் சிடிசி தளத்தில் இலவசமாகவே கிடக்கிறது. சிபிடி புத்தகம்தான் காசு, அது அமெரிக்க மெடிக்கல் அசோசியேஷனின் சொத்து.

பரீட்சை பற்றியும் சித்தி மகள் கேட்டாள். ஏஏபிசி என்ற அமெரிக்க அமைப்பு நடத்தும் சிபிசி என்கிற கோடிங் சான்றிதழ் பரீட்சைதான் இங்கே எல்லாரும் எழுதுவது. நான் எழுதியபோது 150 கேள்வி, 5 மணி 40 நிமிடம். இப்போது 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் பாஸ். புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதலாம் என்றதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். ஒரு கேள்விக்கு 2 நிமிடம் 24 விநாடிதான் வரும், அதற்குள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தால் கதை முடிந்தது என்றேன். பாஸ் ஆனாலும் அனுபவம் இல்லாதவர்களுக்குப் பெயருக்குப் பின்னால் அப்ரெண்டிஸ் என்று ஒரு 'ஏ' வால் ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு வருடம் வேலை பார்த்த சான்று கொடுத்தால் அது போகும். ஃப்ரெஷராகச் சேர இது கட்டாயம் என்று எல்லா இடத்திலும் கேட்பதில்லை. என்னை முதலில் எடுத்தவர்கள் கேட்கவில்லை, உடற்கூறியல் கேள்வி பத்து கேட்டார்கள், அப்புறம் கைக்கு 13,500 என்றார்கள். சில்க் போர்டு டிராஃபிக்கில் தினம் இரண்டு மணி நேரம் நின்றதற்கு அது கம்மிதான்.

உள்ளே போன் லாக்கரில், பேனா பேப்பர்கூட டேபிளுக்கு வரக் கூடாது, எல்லாம் நோயாளி விவரம். இத்தனை சார்ட் என்று டார்கெட், அதற்கு மேல் 95 சதவீத க்வாலிட்டி. இப்போது சாஃப்ட்வேரே கோட்களை எடுத்துக் காட்டுகிறது, அது சரியா என்று பார்ப்பதுதான் எங்கள் பாதி வேலை. நிதானமாகப் படிக்கிற பொறுமை இல்லாதவர்கள் ஆறே மாதத்தில் கிளம்பிவிடுகிறார்கள், அதில் முதல் ரேங்க் வாங்கினவர்களும் உண்டு.

அவளையே போனில் கூப்பிட்டு நானாக ஒரு குறிப்பைக் கட்டிச் சொன்னேன்: அவுட்பேஷண்ட், இருமல், காய்ச்சல், நிமோனியாவாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். என்ன போடுவாய்?

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "இருமல், காய்ச்சல்."

"நிமோனியா?"

"டாக்டரே இருக்கலாம்னுதானே அக்கா சொல்றாரு."

முன்பணத்தை இப்போதைக்குக் கட்ட வேண்டாம் என்று சித்திக்குச் சொல்லிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை அவள் பஸ் ஏறி வருகிறாள். என் பழைய சிபிடி புத்தகத்தைப் பரண்மேலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன், நான் ஒட்டிய கலர் ஸ்டிக்கர்கள் பாதி உதிர்ந்துவிட்டன.