லினக்ஸ் சும்மா, பில்லுக்கு மட்டும் காசா?

ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் போன மாதம் விலை சொன்னேன். விண்டோஸ் போன்ற, ஆனால் இலவசமான லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடி, எலக்ட்ரானிக் தராசிலிருந்து எடையை நேராக வாங்கி பில் போட்டுத் தரும் எங்கள் மென்பொருளுக்கு வருடம் 9,000 ரூபாய். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கணக்கு நோட்டின் மேல் வைத்தார். "ஏனுங்க தம்பி, லினக்ஸ் சும்மா வருதுன்னுதானே போட்டு விட்டீங்க? அப்புறம் இதுக்கு மட்டும் எதுக்குங்க காசு?"

"ரோடு கவர்மெண்ட் போட்டதுங்க. அதுக்காக லாரிக்காரர் வாடகை வாங்காமயா போறாரு?" என்றேன். சிரித்தார். சிரித்துவிட்டு 8,000 ஆக்கச் சொன்னார்.

மண்டிக்காரருக்கு ஒரு லாரி உதாரணம் போதும். என் கூட்டாளிக்குப் புரியவைக்கத்தான் ஒரு வாரம் ஆனது. லினக்ஸ் ஜிபிஎல் உரிமத்தில் (நிரலைக் கொடுத்தால் அதன் மூல நிரலான சோர்ஸ் கோடையும் தரச் சொல்லும் உரிமம்) இருக்கிறது, அதன் மேல் ஓடும் எதற்கும் சோர்ஸ் கோடைக் கொடுத்தாக வேண்டும் என்று யாரோ அவன் காதில் போட்டுவிட்டார்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு வரும் உரிமக் கோப்பைத் திறந்து காட்டினேன். சிஸ்டம் கால் (நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் வழக்கமான வழி) வழியாகக் கெர்னலைப் பயன்படுத்தும் நிரல்களுக்கு இந்த உரிமம் பொருந்தாது என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதிலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். "சரி, ஜிசிசி-ல தானே கம்பைல் பண்றோம்?" என்றான். ஜிசிசி, அதாவது நாம் எழுதுவதைக் கணினி ஓட்டும் நிரலாக மாற்றும் கம்பைலர், ஜிபிஎல்தான்; அது நம் நிரலுக்குள் சேர்க்கும் துண்டுகளுக்குத் தனி விலக்கு இருக்கிறது. 1998-லிருந்தே ஆரக்கிள் லினக்ஸில் டேட்டாபேஸ் விற்கிறது, 2017-ல் மைக்ரோசாஃப்டே எஸ்க்யூஎல் சர்வரைக் கொண்டுவந்துவிட்டது என்ற பிறகுதான் அடங்கினான்.

அவனுக்கு வகுப்பெடுத்த நான் எங்கே மாட்டினேன் தெரியுமா? ரீட்லைனில். டேட்டாபேஸ் கெட்டுப்போனால் சரிசெய்ய ஒரு சின்ன கருவி எழுதியிருந்தேன். மேல் அம்புக்குறியைத் தட்டினால் பழைய கட்டளை வர வேண்டும் என்பதற்காக ரீட்லைன் என்ற அந்த லைப்ரரியை (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பு) இணைத்தேன். ஜிலிப்சி (லினக்ஸ் நிரல்களின் அடிப்படை லைப்ரரி), க்யூட் (திரை, பொத்தான்களுக்கான லைப்ரரி) போல அதுவும் ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவமான எல்ஜிபிஎல்தான் என்று நினைப்பு. இல்லை, முழு ஜிபிஎல். எல்ஜிபிஎல் என்றால் சோர்ஸ் கோடு தராத மூடிய நிரலோடும் டைனமிக்காக, அதாவது தனிக் கோப்பாக வைத்து ஓடும்போது, இணைக்கலாம். இதில் அந்தச் சலுகை கிடையாது. கருவி 11 கடைகளுக்குப் போயிருந்தது. அன்று ராத்திரியே மூடிய நிரலிலும் சேர்க்க விடும் பிஎஸ்டி உரிமத்தில் இருக்கும், அதே வேலையைச் செய்யும் லிப்எடிட்டுக்கு மாற்றினேன். லைப்ரரியைக் குறிப்பிடும் ஹெடர் வரியை மாற்றியதைத் தவிர பெரிய வேலை இல்லை, தூக்கம்தான் போனது.

அதே வேகத்தில் எங்கள் ஒப்பந்தத்தையும் படித்தேன். ஏதோ ஒரு விண்டோஸ் மென்பொருளில் இருந்து உருவியது. ரிவர்ஸ் இன்ஜினியரிங் (நிரலைப் பிரித்து அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது) அறவே கூடாது என்று ஒரு வரி. க்யூட்டை எல்ஜிபிஎல்லில் பயன்படுத்திவிட்டு அப்படிச் சொல்ல முடியாது. வாடிக்கையாளர் அந்த லைப்ரரியைத் தானே மாற்றிப் போட்டால், அதைச் சரிபார்க்கும் அளவுக்காவது அனுமதிக்க வேண்டும். மண்டியில் யாரும் அதைச் செய்யப் போவதில்லை. இருந்தாலும் வரியைத் திருத்தினேன்.

லினக்ஸ்காரர்கள் காசு கொடுக்க மாட்டார்கள் என்பார்கள். 2010-ல் முதல் ஹம்பிள் இண்டி பண்டில் என்ற கணினி விளையாட்டுத் தொகுப்பு வந்தபோது, விருப்பப்பட்டதைக் கொடுங்கள் என்றதற்கு சராசரியாக அதிகம் கொடுத்தது அவர்கள்தான். எனக்கு இதுவரை பாக்கி வைத்ததும் லினக்ஸ் தெரிந்தவர் யாருமில்லை.

உண்மையில் உயிரை வாங்குவது வேறு. என் உபுண்டு 22.04-ல் (லினக்ஸின் ஒரு வகை) கம்பைல் செய்ததை ஒரு கடையின் பழைய பதிப்பான 20.04-ல் போட்டால், ஜிலிப்சி 2.34 இல்லை என்று சொல்லித் திறக்கவே மறுத்தது. புதியதில் கட்டினால் பழையதில் ஓடாது. இப்போது இதற்கென்றே ஒரு பழைய உபுண்டுவை வைத்திருக்கிறேன்.

மண்டியில் நிறுவிய அன்று மென்பொருள் திறந்தது, தராசு மட்டும் பேசவில்லை. யூஎஸ்பி-சீரியல் ஒயரைப் பிடுங்கிச் செருகினேன், அப்போதும் சுழியம். பிறகுதான் உறைத்தது: அந்தக் கணினியின் பயனர் கணக்கை, சீரியல் கருவிகளோடு பேச அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் சேர்க்கவில்லை. ஒரு வரி தட்டி, லாக்அவுட் செய்து உள்ளே வந்ததும் திரையில் 52.300 கிலோ.

பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த ஒரு வரிக்காங்க எட்டாயிரம்?"

சொல்லிக்கொண்டே செக் புத்தகத்தை எடுத்தார்.