பனியன் கம்பெனி ஐ.இ., பஃபலோவில் மூன்று செமஸ்டர்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மூன்று வருடம் ஐ.இ.யாக வேலை பார்த்தேன். ஐ.இ. என்றால் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர். ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு லைனில் ஒவ்வொரு டெய்லர் பக்கத்திலும் நின்று, ஷோல்டர் அடிக்க எத்தனை நொடி, நெக் ரிப் வைக்க எத்தனை நொடி, சைடு அடிக்க எத்தனை நொடி என்று எழுதுவேன். அதை வைத்து எஸ்.எம்.வி., அதாவது ஒரு பீஸ் தைக்க இத்தனை நிமிடம் ஆகும் என்ற கணக்கைப் போட்டு, ஒரு ஷிஃப்டுக்கு இத்தனை பீஸ் வர வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் கொடுப்போம். நான் போய் நின்றாலே சில அக்காக்கள் மெதுவாகத் தைப்பார்கள். நான் எழுதும் நொடிதான் நாளைக்கு அவர்களுக்கு டார்கெட். அதனால் அவர்கள் செய்தது நியாயம்தான் என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு விளங்கவே இல்லை. எந்த மிஷினும் சும்மா நிற்கக் கூடாது என்பது அங்கே சட்டம். எல்லா மிஷினும் ஓடிக்கொண்டே இருக்கும், எல்லார் பக்கத்திலும் பண்டில், அதாவது தைக்க வேண்டிய துணிக் கட்டு, குவிந்து கிடக்கும். ஆனால் ஷிப்மெண்ட் மட்டும் தாமதமாகும். எல்லாரும் ஓய்வில்லாமல் உழைத்தும் ஏன் தாமதம்? காலேஜில் படித்த மெக்கானிக்கலில் இதற்குப் பதில் இல்லை. பதில் இருக்கும் படிப்பு எது என்று தேடித்தான் இண்டஸ்ட்ரியல் அண்ட் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்குக்கு வந்தேன்.

2023 அக்டோபரில், அமெரிக்காவில் மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வை எழுதினேன். அதற்கு முந்தின மாதம்தான் தேர்வை 1 மணி 58 நிமிடமாகச் சுருக்கியிருந்தார்கள், அது எனக்கு வசதியாகப் போயிற்று. எஸ்.ஓ.பி.தான் கஷ்டம், அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் கட்டுரை. முதலில் எழுதியது, 'சிறு வயதிலிருந்தே இயந்திரங்கள் மீது ஆர்வம்' என்று எல்லாரும் எழுதுகிற மாதிரியே இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு, அந்தக் குவிந்து கிடந்த பண்டில்களைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதினேன். ஐந்து இடங்களுக்கு அனுப்பியதில் இரண்டில் கிடைத்தது. நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் பஃபலோ பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தேன். 30 கிரெடிட், மூன்று செமஸ்டரில் முடிக்கலாம் என்பது முதல் காரணம். மனிதக் காரணிகள், அதாவது வேலை செய்யும் மனிதனின் கண், கை, களைப்பு பற்றிய படிப்பு அங்கே பலமானது என்பது இன்னொரு காரணம்.

கடன் விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டுப் பத்திரத்தை வைத்துத்தான் கடன். பட்டா, தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று எல்லாம் கையில் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வரைபட அனுமதி இல்லை. அப்பா கட்டிய காலத்தில் எங்கள் தெருவில் யாருமே அதை வாங்கியிருக்கவில்லை. ஒரு வங்கிக் கிளையில் ஏழு வாரம், வாரா வாரம் ஒரு புதிய காகிதம் கேட்டார்கள். கடைசியில் முடியாது என்றார்கள். அந்த ஏழு வாரத்தில் அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. இரண்டாவது வங்கியில் சித்தப்பாவின் காலி மனையைச் சேர்த்து வைத்த பிறகுதான் கிடைத்தது. அட்மிஷன் கடிதம் வருவதற்கு முன்பே பத்திரங்களை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். அதில் போகிற காலம் திரும்பி வராது.

விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் வந்தது. அப்போது செவிஸ் என்ற வெளிநாட்டு மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர், விசா கட்டணம் 185 டாலர். சென்னையில் ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் காலை வரிசை. கவுண்டரில் இருந்த அதிகாரி, இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்டார். மனப்பாடம் செய்த பதிலை விட்டுவிட்டு, நாற்பது மிஷின் உள்ள லைன் ஒன்றைப் பற்றிச் சொன்னேன். மூன்றாவது வாக்கியத்திலேயே போதும் என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்.

2024 ஆகஸ்டில் வகுப்பு தொடங்கியது. தெற்கு வளாகத்தை ஒட்டி நாலு பேர் சேர்ந்து வீடு, அங்கிருந்து பல்கலைக்கழக பஸ்ஸில் வடக்கு வளாகம், பெல் ஹால். ஸ்டாப்வாட்ச் வேலை தெரியும், அதனால் சமாளிக்கலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் இங்கே படிப்பு முழுக்கக் கணக்கு. லீனியர் ப்ரோகிராமிங், ப்ராபபிலிட்டி, தற்செயலாக நடப்பதைக் கணக்கில் கொண்டுவரும் ஸ்டாக்காஸ்டிக் மாடல்கள், சிமுலேஷன், எல்லாவற்றுக்கும் பைத்தான் என்ற கணினி மொழி. ஸ்டாக்காஸ்டிக் முதல் மிட்டெர்மில் 100க்கு 38 வாங்கினேன். சராசரி ஜி.பி.ஏ. 3.0க்குக் கீழே போனால் படிப்பே ஆட்டம் கண்டுவிடும். அன்று இரவு அம்மாவிடம் பேசும்போது இதைச் சொல்லவில்லை.

பேராசிரியரைப் போய்ப் பார்த்தேன். சூத்திரத்தை விடு, இந்த வரி என்ன சொல்கிறது என்று வாயால் சொல் என்றார். சொல்ல முடியவில்லை. எனக்கு ஆங்கிலத்தில் அந்தச் சொற்களுக்குள் ஒன்றுமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் தமிழ் வழி. அறைக்கு வந்து ஒரு நோட்டில் ஒவ்வொன்றையும் பள்ளிப் பாடநூல் சொற்களில் எழுத ஆரம்பித்தேன். நிகழ்தகவு, நிபந்தனை நிகழ்தகவு, சமவாய்ப்பு மாறி. 'நிகழ்வதற்கான தகவு' என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடுகிறது. காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிட உதவும் எக்ஸ்பொனென்ஷியல் பரவலுக்கு நினைவு கிடையாது என்று வகுப்பில் சொன்னதை, டவுன் பஸ்ஸுக்கு இருபது நிமிடம் நின்றதை மறந்துவிட்டு இப்போதுதான் ஸ்டாப்புக்கு வந்தது போலக் கணக்கை மறுபடி தொடங்குவது என்று எழுதிக்கொண்டேன். அந்த நோட்டு முடியும்போது செமஸ்டரும் முடிந்தது. அந்தப் பாடத்தில் பி ப்ளஸ்.

அந்தப் பாடத்தில்தான் என் பண்டில் கேள்விக்கும் பதில் வந்தது. காத்திருக்கும் வரிசைகளைப் பற்றிய வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாடல். வேலை ஒழுங்கில்லாமல் வந்து சேர்கிறது, முடிக்கும் நேரமும் கூடிக் குறைகிறது என்று வையுங்கள். மிஷின் 80 சதவீத நேரம் ஓடினால் அந்த இடத்தில் சராசரியாக 4 பண்டில் இருக்கும். 90 சதவீதம் என்றால் 9. 95 சதவீதம் என்றால் 19. நூறை நெருங்க நெருங்கக் குவியலுக்கு எல்லையே இல்லை. பிறகு லிட்டில் விதி. லைனுக்குள் 600 பீஸ் கிடக்கிறது, மணிக்கு 100 பீஸ் வெளியே வருகிறது என்றால் ஒரு பீஸ் உள்ளே நுழைந்து வெளியே வர 6 மணி நேரம். ஜான் லிட்டில் 1961இல் இதை நிரூபித்தார். யாரும் சும்மா இருக்கக் கூடாது என்ற சட்டமே தாமதத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தது. நூலகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தச் சட்டத்தால் அங்கே எத்தனை பேர் திட்டு வாங்கினார்கள்!

ஊரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒன்று: வருவதற்கு முன் மூன்று மாதம் நிகழ்தகவையும் பைத்தானையும் ஒழுங்காகப் படித்துவிட்டு வாருங்கள். குளிருக்கு உடுப்பு இங்கேயே வாங்கலாம்.

இரண்டாவது செமஸ்டர் பனியும் வீட்டுப்பாடமுமாக ஓடியது. தரக் கட்டுப்பாடு பாடம் மட்டும் மனதைக் கலைத்தது. எங்கள் ஊரில் பையர் க்யூ.சி., அதாவது சரக்கு வாங்குகிறவரின் தரப் பரிசோதகர் வந்து, ஏ.க்யூ.எல். 2.5 என்ற மாதிரிப் பரிசோதனை முறைப்படி பார்ப்பார். 5,000 பீஸ் சரக்கில் 200 பீஸ் எடுப்பார். 10 பழுது வரை இருந்தால் பாஸ், 11 என்றால் ஃபெயில். பாஸ் ஆனால் சரக்கு நல்ல சரக்கு என்றுதான் மூன்று வருடமும் நம்பினேன். வகுப்பில் அதற்கு வளைவு வரைந்தோம். நூற்றுக்கு 5 பழுது உள்ள சரக்குக்கூட இந்த முறையில் பாஸ் ஆக ஏறக்குறைய 58 சதவீத வாய்ப்பு. ஆனால் அப்படிப் போன சரக்கில் பின்னால் புகார் வந்தால் முதலில் கேள்வி கேட்கப்படுவது செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்கள். என் அம்மா அதில்தான் பத்தொன்பது வருடமாக நிற்கிறார்.

அந்தக் கோடையில் ஒரு நாள் நண்பர்களோடு ஆற்றங்கரையில் இருக்கும் பழைய தானியக் கிடங்குகளைப் பார்க்கப் போனேன். நீராவியில் இயங்கும் தானிய எலிவேட்டரை ஜோசப் டார்ட் 1842இல் கட்டியது இந்த ஊரில்தான். அதுவரை கப்பலிலிருந்து தானியத்தை ஆட்கள் முதுகில் சுமந்து இறக்கினார்கள். அந்த வெறும் கான்கிரீட் உருளைகளுக்குக் கீழே வெகு நேரம் நின்றேன். சுமந்தவர்கள் பேர் எங்கேயும் இல்லை.

மூன்றாவது செமஸ்டரில் ஒரு பக்கம் வேலை தேடல், படிப்புக்குப் பின் இங்கே வேலை பார்க்க அனுமதி தரும் ஓ.பி.டி. விண்ணப்பம். படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பே அதற்கு விண்ணப்பிக்கலாம், முதல் நாளே போட்டுவிட்டேன். இன்னொரு பக்கம் மனிதக் காரணிகள் பாடத்தில் ப்ராஜெக்ட். இதே துறையில் பல வருடம் பணியாற்றிய காலின் ட்ரூரி, விமானங்களைப் பரிசோதிப்பவர்கள் எங்கே, ஏன் குறையைத் தவறவிடுகிறார்கள் என்று ஆராய்ந்தவர். பிரிட்டனில் நார்மன் மேக்வொர்த் 1948இல் காட்டியது, கடிகார முள் போன்ற ஒரே முள்ளை இமைக்காமல் கவனிக்கச் சொன்னால் அரை மணிக்குள்ளேயே மனிதர்கள் தவறவிடத் தொடங்குகிறார்கள் என்பது. அம்மா ஒன்றரை ஷிஃப்ட் நிற்கிறார். ப்ராஜெக்டுக்கு வேறு வேலையை நான் யோசிக்கவே இல்லை.

ஞாயிறு காலை இங்கே பத்து மணி, அங்கே இரவு ஏழரை. அம்மாவிடம் கேள்விகளைப் படித்தேன். ஒரு பீஸை எத்தனை நொடி பார்ப்பீர்கள், எந்த நேரத்தில் அதிகம் தவறும், வெளிச்சம் எப்படி.

"நாலு மணிக்கு மேல கறுப்புல ஓட்டை தெரியாது கண்ணு" என்றார். "அதான் கறுப்பு பண்டில் வந்தா காலையிலேயே எடுத்துப் பாத்துருவோம். சாயந்தரத்துக்கு வெள்ளையும் மஞ்சளும் வெச்சுக்குவோம்."

"இதை யாரும்மா சொல்லிக் கொடுத்தா?"

"யாரு சொல்லணும்? டேபிள்ல இருக்கற எல்லாருக்கும் தெரியும். சூப்பர்வைசருக்குத் தெரியாது. அவரு வர்ற வரிசையிலயே பாருன்னுவாரு."

நான் மூன்று வருடம் அதே ஊரில் ஐ.இ.யாக இருந்தேன். செக்கிங் டேபிளில் நொடி எழுதியிருக்கிறேன். எந்த வரிசையில் பார்க்கிறீர்கள் என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

ப்ராஜெக்ட் அறிக்கையில் முதல் பரிந்துரை அதுதான்: பண்டில்களை வரும் வரிசையில் கொடுக்காமல், அடர்ந்த நிறங்களை ஷிஃப்டின் முதல் மணிகளில் கொடுக்க வேண்டும். அதற்குக் கீழே, மேசைக்கு நேர் விளக்கு, அரை மணிக்கு ஒரு முறை கையும் கண்ணும் மாறும் வேறு வேலை. தகவல் தந்தவர் என்ற இடத்தில், பத்தொன்பது வருட அனுபவம் உள்ள பரிசோதகர் என்று எழுதி அம்மாவின் பேரைப் போட்டேன். டிசம்பரில் படிப்பு முடிந்ததும் அந்த அறிக்கையின் தமிழ் வடிவத்தைப் பழைய கம்பெனியின் ப்ரொடக்‌ஷன் மேனேஜருக்கு அனுப்பியிருக்கிறேன். பொங்கல் லீவு முடிந்து ஒரு லைனில் செய்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.