கொதிக்கிறது, ஆனால் வேகவில்லை

மாமியார் கொடுத்தனுப்பிய பருப்புப் பொடி டப்பாவை என் மைத்துனன் திறந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. நான்கு பக்கமும் கொக்கி, மூடிக்குள் ரப்பர் வளையம், பொட்டுக் காற்றுப் புகாது என்று கடைக்காரர் சத்தியம் செய்து விற்ற டப்பா. நாகப்பட்டினத்தில் அதில் கழுத்துவரை பொடியை அடைத்து, மூடியை முழங்கையால் அழுத்திக் கொக்கி போட்டு, "டப்பாவை மறக்காமல் திருப்பிக் கொண்டு வந்துவிடுங்கள் மாப்பிள்ளை" என்று மூன்று முறை சொல்லித்தான் கொடுத்தார். பொடியைப் பற்றி ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டென்வருக்கு, மைத்துனன் வீட்டுக்கு வந்து சேர்ந்த இரவு, ஆசை தாங்காமல் மைத்துனன் சமையலறை மேடையில் குனிந்து கொக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்தான். நான்காவது கொக்கி விலகியதுதான் தாமதம், 'டப்' என்றொரு சத்தம். மூடி ஒரு பக்கம், பொடி ஒரு பக்கம். அவன் மூக்குக்கண்ணாடி, புருவம், மீசை எல்லாம் துவரம் பருப்பு நிறம்.

"உயரம், அத்தான்" என்றான், இரண்டு தும்மலுக்கு நடுவில்.

டென்வர் கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி, அதாவது சரியாக ஒரு மைல், 1,609 மீட்டர். அங்கே காற்றின் அழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. நாகப்பட்டினத்துக் காற்றை டப்பாவில் அடைத்து இவ்வளவு உயரத்துக்குக் கொண்டுவந்து திறந்தால், அது அடங்கி உட்கார்ந்திருக்குமா? "வந்ததும் இரண்டு நாள் நிறையத் தண்ணீர் குடியுங்கள், மெதுவாக நடங்கள், வெயிலில் களிம்பு பூசிக்கொள்ளுங்கள்" என்று பொடியைத் துடைத்தபடியே அவன் பாடம் எடுத்தான். நான் ஊட்டியைக் காட்டி மடக்கினேன். ஊட்டி 2,240 மீட்டர். தேனிலவுக்குப் போனபோது உன் அக்கா படகுத் துறைக்கும் தாவரவியல் பூங்காவுக்கும் என்னை ஓட ஓட அலைக்கழித்தாள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இது ஏற்காட்டைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதானே என்றேன்.

"அப்போது உங்களுக்கு வயது இருபத்தெட்டு" என்றாள் மனைவி, டப்பாவைத் தேய்த்துக்கொண்டே.

மலையை ஒட்டிய ஊர் என்றதும் நான் கொண்டை ஊசி வளைவுகளையும், சாலையோரக் குரங்குகளையும், கம்பளிச் சட்டையையும் எதிர்பார்த்துப் போயிருந்தேன். டென்வர் எங்கள் டெல்டா போலத் தட்டை. கிழக்கே கண்ணுக்கு எட்டியவரை சமவெளி. மேற்கே மட்டும், யாரோ அட்டையில் வெட்டி நிறுத்தியதுபோல, உச்சியில் பனி பூசிய ராக்கி மலைத்தொடர். விமான நிலையத்தின் கூரையே அந்த மலைகளைப் பார்த்து வெள்ளைக் கூடாரங்களாக அமைத்ததுதான். அதை விட்டு வெளியே வருகிற சாலையில் 32 அடி உயரத்துக்கு ஒரு நீலக் குதிரை முன்னங்காலைத் தூக்கி நிற்கிறது. இருட்டில் கண்கள் சிவப்பாக எரிகின்றன. அதைச் செய்துகொண்டிருந்த சிற்பி லூயிஸ் ஹிமெனெஸ்மீது 2006இல் அதன் ஒரு பகுதி விழுந்து அவர் இறந்துபோனார் என்றும், ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்கு அந்தக் குதிரையைக் கண்டாலே ஆகாது என்றும் மைத்துனன் சொன்னான். எனக்கு அது அந்நியமாகவே படவில்லை. ஊர் எல்லையில் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கிற அய்யனார் குதிரையைப் பார்த்து வளர்ந்தவன் நான். மனைவி காருக்குள்ளிருந்தே ஒரு கும்பிடு போட்டாள்.

ஊரில் திசை சொல்லும் முறையும் எனக்கு உடனே பிடிபட்டது. மலை இருக்கும் பக்கம் மேற்கு. அவ்வளவுதான். நாகையில் கடல் இருக்கும் பக்கம் கிழக்கு என்பதுபோல. இந்தத் தெளிவுதான் மறுநாள் காலையில் என்னைக் கவிழ்த்தது.

மைத்துனன் வீடு டென்வருக்குக் கிழக்கே ஒட்டியிருக்கும் அரோராவில். நேர வித்தியாசத்தால் ஐந்து மணிக்கே விழித்துவிட்டேன். திரையை விலக்கினால், மலை. தெருக்கோடியில் இருப்பதுபோல. மடிப்பு மடிப்பாக, பாறை எது பனி எது என்று எண்ணிவிடலாம் போல. ஒரு மணி நேரத்தில் அடிவாரம்வரை நடந்து தொட்டுவிட்டு இட்லிக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

கோல்ஃபாக்ஸ் என்று ஒரு சாலை. அரோராவில் கிளம்பி, டென்வரை ஊடறுத்து, மலையடிவாரத்துக் கோல்டன்வரை மேற்கே நீட்டிப் படுத்திருக்கிறது. அதைப் பிடித்து நடந்தேன். பதினைந்து நிமிடம், மலை அப்படியே இருந்தது. அரை மணி, அப்படியே இருந்தது. பழைய விடுதிகள், கார் பழுதுபார்க்கும் கடைகள், ஓர் எத்தியோப்பிய உணவகம் எல்லாம் கடந்து போயின. மலை மட்டும் கடன் வாங்கியவன்போல அதே இடைவெளியில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தது. முக்கால் மணி ஆனபோது, பார்த்தது மலையை அல்ல, என் மூச்சை. நெஞ்சு பம்பு செட் மாதிரி அடித்தது. வாய்க்குள் நாக்கு, அடுப்பில் விட்ட அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டது. ஆனால் சட்டையில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. வியர்த்தால் நிழலில் உட்கார வேண்டும் என்பது நாகைக்காரனுக்குப் பிறவியிலேயே தெரிந்த சட்டம். இங்கே வியர்க்கிறது, ஆனால் தோலுக்கு வந்த உடனே காய்ந்துவிடுகிறது. அதனால் எச்சரிக்கை மணி அடிக்கவே இல்லை.

ஒரு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். வெள்ளை முடிப் பாட்டி ஒருவர் நாயோடு வந்தார். எழுபத்தைந்துக்குக் குறையாது. மூச்சு வாங்காமல் காலை வணக்கம் சொன்னார். அந்த மலைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். அவர் மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் காலில் இருந்த ரப்பர் செருப்பைப் பார்த்தார்.

"காரிலா?"

"நடந்து."

அவர் நாயின் வாரை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். காரிலேயே முக்கால் மணி நேரம் ஆகும் என்றார். பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். நாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் இருவரில் அதிகம் இளைத்தவன் நான்தான். நாக்கைத் தொங்கப்போடாதது ஒன்றுதான் பாக்கி.

கார் கொண்டுவந்து என்னை அள்ளிக்கொண்டு போன மைத்துனன் சிரிக்கவில்லை. அதுதான் வேதனை. ஈரப்பதம் இல்லாத காற்று, அதனால் தூரத்துப் பொருளும் மங்காமல் தெரியும், புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஏமாறுவார்கள் என்று ஆறுதலாகச் சொன்னான். எங்கள் ஊரில் வேதாரண்யம் பக்கம் ஒரு மலை இருந்தால்கூட உப்புக்காற்றில் மங்கி, இருக்கிறதா இல்லையா என்று பஞ்சாயத்து வைத்திருப்போம்.

விட்ட மானத்தைச் சமையலில் பிடிக்கலாம் என்று நினைத்தது அடுத்த தவறு. மறுநாள் மைத்துனனும் அவன் மனைவியும் வேலைக்குப் போயிருந்தார்கள். குக்கரில் வைக்கும் சாம்பாருக்கு ருசி கிடையாது, பருப்பைத் திறந்த பாத்திரத்தில் மலர வேக வைக்க வேண்டும் என்பது என் கட்சி. இருபது வருடமாக வீட்டில் இதைப் பேசி வருகிறேன், செய்துதான் காட்டியதில்லை. ஒரு டம்ளர் துவரம் பருப்பு, மஞ்சள் தூள், ஒரு சொட்டு நல்லெண்ணெய். தண்ணீர் சீக்கிரமே தளதளவென்று கொதித்தது. ஆகா, என்ன அடுப்பு என்று பாராட்டினேன்.

ஒரு மணி நேரம் கழித்து ஒரு பருப்பை எடுத்து நசுக்கினேன். பருப்பு என் விரலை நசுக்கியது. தண்ணீர் ஊற்றினேன். ஒன்றரை மணி. நசுங்கவில்லை. பழைய பருப்பாக இருக்கும் என்று கடைக்காரனைத் திட்டினேன். இரண்டு மணி. பாத்திரத்தில் கொதிப்புக்குக் குறைவே இல்லை, குமிழ் குமிழாகத் துள்ளுகிறது. பருப்பு மட்டும் முழுசு முழுசாக உருண்டு விளையாடுகிறது. மனைவி சோபாவில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருட மணவாழ்க்கையில் அவள் பேசாமல் இருந்து என்னை இவ்வளவு அடித்ததில்லை.

மாலையில் வந்த மைத்துனன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, இந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்றான். அதற்குமேல் எவ்வளவு எரித்தாலும் ஆவியாகுமே தவிரச் சூடு ஏறாது. கொதிப்புதான் இருக்கும், சூடு இருக்காது. எனக்குத் தெரிந்த சில மேலதிகாரிகளின் முகம் நினைவுக்கு வந்தது. பிறகு அந்தப் பருப்பை அப்படியே குக்கரில் கொட்டி மூடி, மூன்று விசில் விட்டான். குழைந்து வந்தது. குக்கர் தன் அழுத்தத்தைத் தானே அடைத்து வைத்துக்கொள்வதால் ஊர் எந்த உயரத்தில் இருந்தாலும் அதற்குப் பெரிதாகக் கவலையில்லை. அந்த வீட்டில் குக்கருக்குள் மட்டும்தான் நாகப்பட்டினம் இருந்தது.

சனிக்கிழமை ரெட் ராக்ஸுக்குப் போனோம். அடிவாரத்தில் இரண்டு பிரம்மாண்டமான செம்பாறைகளுக்கு நடுவே, இயற்கையே இறக்கிவைத்த சரிவில் 1941இல் திறந்த அரங்கம். ஒன்பதாயிரத்துக்கு மேல் உட்காரலாம். கச்சேரி இல்லாத நேரத்தில் ஜனங்கள் அந்தப் படிகளில் ஓடி ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், மறுபடி ஏறுகிறார்கள். அவர்களை யாரும் துரத்தவில்லை. நான் முதல் வரிசையில் உட்கார்ந்து அவர்களுக்காக மூச்சு வாங்கினேன்.

களிம்பைத் தந்தார்கள். மறுத்துவிட்டேன். சித்திரை வெயிலில் கடற்கரை மணலில் கபடி ஆடியவனுக்கு 24 டிகிரி வெயில் ஒரு வெயிலா? வருடத்தில் 300 நாள் வெயில் என்று இந்த ஊர்க்காரர்கள் பெருமை பேசுகிறார்கள். எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழை போக மீதி எல்லாம் வெயில்தான், அதை யாரும் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. தொப்பி மட்டும் வாங்கிக்கொண்டேன். படம் எடுக்கும்போது அதன் முனை கைப்பேசியில் இடித்ததால் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். நான்கு மணி நேரம்.

உயரம் ஏற ஏற வெயிலை வடிகட்டக் காற்று குறைவு. அதனால் சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடும். பருப்பை வேக வைக்காத ஊர் என்னை வேக வைத்துவிட்டது. தொப்பியின் பின்பக்கத்தில் பட்டைக்கு மேலே அரைவட்டமாக ஓர் ஓட்டை இருக்குமே, அது சரியாக என் நெற்றி நடுவில் வந்திருக்கிறது. மறுநாள் காலை கண்ணாடியில் பார்த்தால், நெற்றியில் மற்ற இடமெல்லாம் பழைய நிறம், நடுவில் மட்டும் கருகிய பிறை. பிறைசூடிய பெருமானாகவே ஆகிவிட்டேன். கங்கைதான் குறை. அதுவும் மூக்கிலிருந்து லேசாக ரத்தமாக வந்தது. வறண்ட காற்றில் புதிதாக வருகிறவர்களுக்கு அப்படி ஆகுமாம்.

இதற்கு நடுவில் ஒரு இரவு பனி பெய்தது. மே மாதத்தில்! முதல் நாள் அரைக்கைச் சட்டை, மறுநாள் காலை ஜன்னல் முழுக்க வெள்ளை. நடு இரவில் எனக்குக் குளிர் தூக்கிப் போட்டது, என் போர்வையைக் காணவில்லை. மைத்துனன் மனைவி முந்தின மாலையே அதை எடுத்துப் போய்த் தோட்டத்தில் தக்காளி நாற்றுகளுக்குப் போர்த்தியிருந்தாள். அன்னையர் தினத்துக்கு முன்னால் தக்காளி நடக்கூடாது என்பது அந்த ஊர்த் தோட்டக்காரர்களின் பழமொழியாம். அவசரப்பட்டு நட்டுவிட்டாள். மத்தியானத்துக்குள் வெயில் வந்து பனியெல்லாம் கரைந்து ஓடிவிட்டது. தக்காளி பிழைத்தது. எனக்குச் சளி.

கடைசி நாள் மாநிலச் சட்டமன்றக் கட்டடம். தங்கத் தகடு வேய்ந்த கோபுரம். ஆனால் கூட்டம் கூடுவது வாசல் படியில். 15ஆம் படியில், கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மைல் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறது. 1969இல் மாணவர்கள் அளந்து பார்த்து, இல்லை, 18ஆம் படிதான் சரி என்று அங்கே பித்தளையில் ஓர் அடையாளம் பதித்தார்கள். 2003இல் மறுபடி அளந்து 13ஆம் படியில் இன்னொன்று. படி கீழே இறங்கினால் ஊர் மேலே போய்விட்டது என்று அர்த்தம். எங்கள் பக்கம் ரயில் நிலையப் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பயணிகளுக்கு இது எதற்கு என்று சிறுவயதில் யோசித்திருக்கிறேன். மைத்துனன் 13இல் நின்றான், நான் 15, மனைவி 18. உயரத்தில் நிற்பது யார் என்று அவள் கேட்டுப் படம் எடுக்கச் சொன்னாள்.

ஊர் திரும்பிய அன்றே மாமியார் டப்பாவைக் கேட்டார். அரோராவில் கழுவித் துடைத்து, நான்கு கொக்கியும் போட்டு மூடியதை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். கொக்கிகளை எடுத்தார். மூடி வரவில்லை. முந்தானையால் பிடித்து இழுத்தார். வரவில்லை. நான் முயன்றேன், பக்கத்து வீட்டுப் பையன் முயன்றான். கடைசியில் கரண்டிக் காம்பை விளிம்பில் விட்டு நெம்பியதும் 'உஸ்' என்று பெருமூச்சு விட்டுத் திறந்தது.

மாமியார் உள்ளே எட்டிப் பார்த்தார். கவிழ்த்துத் தட்டினார். பிறகு என் நெற்றியைப் பார்த்தார்.

"இவ்வளவு இறுக்கி மூடி எதைக் கொண்டுவந்தீர்கள் மாப்பிள்ளை?"