கியோட்டோ தோழியுடன் சனிக்கிழமை மாலைகள்

ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 (N4) நிலையை முடித்த கையோடு, பேசிப் பழக ஆள் தேடினேன். கியோட்டோவில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணை எங்கள் ஆசிரியை அறிமுகப்படுத்தினார். சனிக்கிழமைதோறும் ஜூமில் ஒரு மணி நேரம், பாதி ஜப்பானியம், பாதி ஆங்கிலம். ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால், சென்னையில் மாலை 5 மணிக்கு நான் உட்காரும்போது அங்கே இரவு 8.30.

தொடக்கத்தில் மொழியை விட மௌனம்தான் சிரமமாக இருந்தது. நம் பக்கம் போனில் இரண்டு நொடி சத்தம் இல்லையென்றால் "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்போம். அவளோ கேள்வியைக் கேட்டுவிட்டு யோசிப்பாள், அப்புறம்தான் பேசுவாள். நான் பேசும்போது மட்டும் ஓயாமல் தலையாட்டி உம் கொட்டுவாள். கவனித்துக் கேட்கிறேன் என்பதற்கான அடையாளம் அது, சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார் ஆசிரியை.

அவர் சொல்லித்தந்த ஒரு பழக்கம் எனக்குப் பெரிதும் உதவியது. பேசி முடித்ததும் நோட்டில் மூன்று பத்திகள் எழுத வேண்டும்: என்ன நடந்தது, அதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன், அது எனக்குப் பிடித்ததா. "கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்" என்பது முதல் பத்தி. "அவளுக்கு இந்தப் பேச்சில் விருப்பமில்லையோ" என்பது இரண்டாவது. பிரித்து எழுதிய பிறகு, இரண்டாவதை அவளிடமே கேட்கத் துணிச்சல் வந்தது. "யோசித்துத்தானே சொல்ல வேண்டும்?" என்றாள்.

பேச்சு சூடுபிடித்தது ஆகஸ்டில். எங்கள் வீட்டில் ஆடி அமாவாசை முடிந்திருந்தது. அங்கே ஓபோன் வரப்போகிறது. அதுவும் முன்னோர் வீட்டுக்கு வந்து போகும் நாட்கள்தான். வெள்ளரிக்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் குச்சிகளால் கால் வைத்து, முன்னோர் விரைந்து வரக் குதிரை, மெதுவாகத் திரும்பிப் போக மாடு என்று வைப்பார்களாமே என்று ஆசையாகக் கேட்டேன். "எங்கள் வீட்டில் அது இல்லை, டோக்கியோ பக்கம் அதிகம்" என்றாள். அவர்களுக்கு முக்கியம் ஆகஸ்ட் 16 இரவு. கியோட்டோவைச் சுற்றியுள்ள ஐந்து மலைகளில் பெரிய உருவங்களாகத் தீ மூட்டி முன்னோரை வழியனுப்புகிறார்கள்.

என் முறை வந்தது. கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் விட்டுத் தர்ப்பணம் கொடுப்பவர்களைப் பற்றிச் சொன்னேன். "நீங்களும் அப்படியா?" என்றாள். எங்கள் வீட்டில் இலை போட்டுப் படையல் மட்டும்தான். காக்கைக்கு வைத்த பிறகே நாங்கள் சாப்பிடுவோம். காக்கை என்றதும் அவள் கண் விரிந்தது. அவர்கள் தெருவில் குப்பைப் பையைக் காக்கை கிழிக்காமல் இருக்க வலை போட்டு மூடுவார்களாம். ஆனால் ஜப்பானியப் புராணத்தில் முதல் பேரரசருக்கு வழிகாட்டியதும் மூன்று கால் காக்கைதான், ஜப்பான் கால்பந்துச் சங்கத்தின் சின்னத்தில் இருப்பதும் அதுவே என்றாள். "உங்கள் காக்கை ஏன் முன்னோர்?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அம்மாவைத் திரைக்கு அழைத்தேன். "எங்க மாமியார் வச்சாங்க, நானும் வைக்கிறேன். அது வந்து எடுத்தா மனசுக்கு நிம்மதி" என்றார். அந்தப் பதில் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. அவள் பாட்டியும் அப்படித்தான் சொல்வாராம்.

அதற்குப் பிறகு நான் "ஜப்பானில் எப்படி?" என்று கேட்பதில்லை, "உங்கள் வீட்டில் எப்படி?" என்றுதான் கேட்கிறேன். ஒரு நாட்டுக்கே பதில் சொல்லும் பாரம் அவளுக்கு இல்லை, எனக்கும் இல்லை. வாரம் ஒருவர் தம் வீட்டு வழக்கம் ஒன்றை, பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு வர வேண்டும் என்று ஏற்பாடு. அடுத்தது என் முறை, தலைப்பு இனிஷியல். குடும்பப் பெயரே இல்லாமல் பாஸ்போர்ட் படிவத்தை எப்படி நிரப்புகிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அப்பாவிடம் விவரம் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.